குடிசனக் கணக்கில் காணாத கொல்லர் வீட்டை எப்படித் தேடுவது

உங்கள் பூட்டனார் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் கொல்லராக இருந்திருந்தால் அவர் வீட்டைப் பிடிக்க ஒரு பின்னேரம் போதும். பெயரையும் ஊரையும் தட்டினால் 1881 ஏப்ரல் 3ஆம் தேதி இரவு அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், ஆளுக்கு என்ன வயது, மனைவி எந்த ஊரில் பிறந்தவர், தொழில் பழக வந்த பையன் அங்கேயே தங்கினானா என்பது வரைக்கும் வந்துவிடும். அவர் யாழ்ப்பாணத்தில் வலிகாமத்திலோ வடமராட்சியிலோ உலை வைத்திருந்தால் அப்படி ஒன்றும் வராது. அதே வருடம் பெப்ரவரி 17இல் இலங்கையிலும் குடிசனக் கணக்கு எடுத்தார்கள். எண்ணிக் கூட்டி, 2,759,738 பேர் என்று அச்சிட்டார்கள். உங்கள் பூட்டனாரும் பூட்டியும் அவர்களுடைய பிள்ளைகளும் அந்தத் தொகைக்குள் இருக்கிறார்கள். ஆனால் வீடு வீடாகப் பெயரோடு பார்க்கக்கூடிய தாள்கள் நமக்குக் கிடைப்பதில்லை. 1871 மார்ச் 27இல் முழுத் தீவுக்கும் எடுத்த முதல் கணக்கும் அப்படித்தான், 1891உம் அப்படித்தான், பொன்னம்பலம் அருணாசலம் பொறுப்பாக நின்று எடுத்த 1901உம் அப்படித்தான். மாகாணம், மாவட்டம், மதம், தொழில் என்று அட்டவணைகள் இருக்கின்றன, ஆட்கள் இல்லை.

அந்த வீட்டுத் தாளை நீங்களே திரும்ப எழுதலாம். ஒரு கணக்கெடுப்பு இரவைத் தெரிந்துகொண்டு, அந்த இரவு அந்த வளவுக்குள் யார் யார் இருந்திருப்பார்கள் என்று வேறு கடதாசிகளிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சேர்ப்பதுதான் வழி. நான் 1881 பெப்ரவரி 17ஐத்தான் சொல்லுவேன். இன்றைக்கு எண்பது வயதில் இருக்கும் ஒருவருடைய தாத்தாவோ பாட்டியோ அந்த வீட்டில் பாலனாகவோ கைக்குழந்தையாகவோ இருந்திருக்கக்கூடும், அதாவது கேட்டறிய இன்னும் ஆள் இருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவு 1867இலேயே தொடங்கிவிட்டதால் கந்தோரிலும் ஏதாவது அகப்படும். காணி உறுதிகளும், அதாவது காணிப் பத்திரங்களும், அந்தக் காலத்துக்குள் நிறைய எழுதப்பட்டுவிட்டன.

முதலில் ஒரு இங்கிலாந்துத் தாளைப் பார்த்துப் பழகுங்கள். 1881ஆம் ஆண்டுக் கணக்கைப் ஃபமிலிசேர்ச் இணையத்தளத்தில் காசில்லாமல் தேடலாம். ஏதாவது ஒரு கிராமத்தில் கொல்லர், தச்சர், வண்டிச் சில்லுச் செய்பவர் என்று போட்டுப் பத்து வீடுகளைப் பாருங்கள், நமக்கு என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று தானாக விளங்கும். 1841 தாளில் பெயர் உண்டு, உறவுமுறை இல்லை. பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்ததால் 34 வயதுக்காரர் 30 என்று நிற்பார். 1851இலிருந்துதான் வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு, மணமானவரா, சரியான வயது என்ன, தொழில் என்ன, எந்த ஊரில் பிறந்தவர் என்று கேட்டார்கள். கூலிக்கு ஆள் வைத்திருக்கும் தொழிலாளி தன்னிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். 1891இல் வேலை கொடுப்பவரா, கூலிக்கு வேலை செய்பவரா, இரண்டும் இல்லையா என்று தனிக் கட்டங்கள் வந்தன. இன்னொன்று, இன்றைக்கு நாம் பார்ப்பது வீட்டுக்காரர் நிரப்பிய தாள் இல்லை. அந்தத் தாள்களை அழித்துவிட்டார்கள், கணக்கெடுத்தவர் அவற்றைப் பார்த்து எழுதிய புத்தகங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. பிழையாகக் காதில் விழுந்த பெயரும் அவர் கையெழுத்தில் உண்மைபோல நிற்கிறது. அங்கேயும் கொல்லர் மனைவியின் தொழில் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் கிடக்கும். இதை மனதில் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

இனி ஒரு பெரிய கொப்பியில் அதே கட்டங்களைக் கீறுங்கள். பெயர், தலைவருக்கு உறவு, மணமானவரா, வயது, தொழில், பிறந்த ஊர். இவற்றோடு நம்முடைய ஊருக்காக இரண்டு கட்டங்கள் கூட்ட வேண்டும்: இந்த வளவு யாருடைய சீதனம், இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது. இரண்டாவதை நிரப்பாமல் ஒரு பெயரையும் எழுதாதீர்கள்.

தேடலை வீட்டிலிருந்தே தொடங்குங்கள், கந்தோருக்குப் போவது பிறகு. வயதானவர்களிடம் "பூட்டனார் பெயர் என்ன" என்று கேட்டால் ஒரு பெயரோடு கதை முடிந்துவிடும். "அவருக்கு ஆர் கொள்ளி வைச்சது, உங்களுக்குத் துடக்கு ஆர் ஆரோடை, அந்தக் கிணறு ஆர் வெட்டினது" என்று கேட்டுப் பாருங்கள், பெயர்கள் கொட்டும். துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, காக்கிற வீடுகளின் பட்டியல்தான் தந்தைவழிச் சொந்தத்தின் பட்டியல், அதை மறக்காமல் வைத்திருப்பது பெரும்பாலும் பெண்கள். மாமியாரையும் பெரியம்மாவையும் விட்டுவிட்டு ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்கள் பாதிக் குடும்பத்தோடுதான் திரும்புவார்கள்.

அடுத்தது கல்வெட்டு. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்தைத்தான் சொல்கிறேன். றங்குப் பெட்டியில், சாமியறை இறாக்கையில், பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவில் கிடக்கும். 1881இல் இறந்தவருக்கு அது இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1881இல் பிள்ளையாக இருந்து 1940களிலோ 50களிலோ இறந்தவருக்கு இருக்கலாம், அதில் பெற்றோர் பெயரும் சகோதரங்களும் மணம் செய்த ஊரும் பாட்டிலேயே வந்துவிடும். இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் வருடத்தின் பெயர் இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால் கவனம் தேவை: தாது வருடம் என்றால் 1816இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1876இலும் இருக்கலாம், 1936இலும் இருக்கலாம். நீங்கள் தேடும் 1881 பெப்ரவரி இரவு விக்கிரம வருடம் மாசி மாதத்தில் வருகிறது. "தாது வருசப் பஞ்சத்துக்கு முதல் பிறந்தவ" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அந்த இரவு குறைந்தது நாலு வயது. பஞ்சம், கொள்ளைநோய், பெரும்புயல், கோவில் தேர் முதன்முதல் ஓடியது, இப்படித்தான் ஊரில் வயதைச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் கேட்டபோது 30, 40 என்று ஒரு முழு எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டில் நான் நம்புவது பஞ்சத்தைத்தான்.

அப்புறம் பெண் வழி. இங்கிலாந்துத் தாளைப் பார்த்துப் பழகிய கண் இந்த இடத்தில்தான் வழுக்கும். அங்கே கொல்லர் மகன் அதே உலையில், அதே கூரையில், தகப்பனுக்குப் பின் தலைவராக வருவதை அடுத்தடுத்த கணக்குகளில் பார்க்கலாம். இங்கே பெண்ணுக்கு வீடு வளவு சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஆகவே 1881இல் முப்பது வயதான ஒரு கொல்லரைத் தகப்பன் ஊரில் தேடினால் அகப்படமாட்டார். அவர் மனைவியின் ஊரில், மனைவியின் தாய்க்குச் சீதனமாக வந்த காணியில் கொட்டில் போட்டு உலை மூட்டியிருப்பார். வீட்டுத் தலைவர் என்று அவரை எழுதினாலும் நிலம் அவருடையது இல்லை. சந்ததியைக் காணியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டுமென்றால் பூட்டி, பூட்டியின் தாய், அவருடைய தாய் என்று ஏறுங்கள். ஆண் வழி ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருக்கும், பெண் வழி பல வேளைகளில் ஒரே வளவில் நிற்கும்.

இதற்குச் சாட்சி உறுதிதான். இந்தத் தேடலில் ஒரே ஒரு கடதாசிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் உறுதியைப் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு காணி கைமாறுவது செல்லுபடியாக வேண்டுமென்றால் உறுதி எழுதும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுதி வைத்ததும் 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்ததும் தெரிந்திருக்கும். முதுசம் (பெற்றோர் வழி வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (மணத்தின் பின் தேடியது) என்று சொத்து மூன்றாகப் பிரிவதால் எந்த உறுதியிலும் இந்தக் காணி எனக்கு எப்படி வந்தது என்று ஒரு வரியாவது எழுத வேண்டியிருந்தது. அந்த வரியிலிருந்துதான் ஒரு தலைமுறை மேலே ஏறலாம்.

ஒரு சீதன உறுதியை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். தொடக்கத்தில் கொடுக்கிறவர்கள் பெயர், இன்னாருடைய மகன் இன்னார், அவர் பெண்சாதி இன்னார், எந்த ஊர். பிறகு வாங்குகிற மகள், அவளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை. அடுத்து காணி: எந்தக் கோயிற்பற்று (ஊர்ப் பிரிவு), எந்த இறை (அதற்குள் சிறு பிரிவு), காணியின் பெயர், எத்தனை பரப்பு அல்லது லாச்சம், எத்தனை குழி. வரகுக் கணக்கில் 16 லாச்சம் ஒரு ஏக்கர். நெல்லுக் கணக்கு வேறு, அதைக் குழப்பிவிடாதீர்கள். பிறகு உள்ளே நிற்கும் வீடு, கிணறு, பனை, வழிவாய்க்கால். எல்லாரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நாலு எல்லைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். "கிழக்கு சின்னாச்சி பங்கும், வடக்கு ஒழுங்கையும், மேற்கு வேலன் பிள்ளைகள் காணியும், தெற்கு கந்தர் பங்கும்" என்று இருந்தால் சின்னாச்சியும் கந்தரும் பங்கு என்ற சொல்லோடு வருகிறார்கள். ஒரே தாய்க்காணி பிரிந்திருக்கிறது, அவர்கள் சகோதரங்களாகவோ சகோதரங்களின் வாரிசாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். வேலன் பெயருக்குப் பக்கத்தில் பங்கு இல்லை, அவர் வெறும் அயலவராக இருக்கலாம். இந்த ஒரு உறுதியிலிருந்து மூன்று வீடுகளின் பெயர் வந்துவிட்டது. கிணற்றில் எத்தனையில் எத்தனை பங்கு என்று ஒரு பின்னம் இருக்கும், அதையும் விடாதீர்கள். ஆறில் ஒரு பங்கு என்றால் கணக்கு எங்கோ ஆறு பேரில் போய் நிற்கலாம், மற்றப் பங்குக்காரரையும் கொப்பியில் தேடி நிரப்புங்கள்.

கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின் அத்தாட்சி. வாசித்து விளங்கப்படுத்தினேன், இன்னார் தமிழில் கையொப்பம் வைத்தார், இன்னார் புள்ளடி போட்டார் என்று எழுதியிருப்பார். கொல்லர் கையொப்பம் வைத்தாரா புள்ளடி போட்டாரா என்பதே ஒரு செய்தி. சாட்சி இரண்டு பேரும் யாரென்று பாருங்கள். கொல்லர் வீட்டு உறுதியில் தச்சர் ஒருவர் சாட்சியாக நின்றால் ஆச்சரியமில்லை. வண்டில் சில்லு ஒன்றை நினைத்துப் பாருங்கள்: குடத்தையும் ஆரக்காலையும் வட்டையும் தச்சர் பொருத்திக் கொண்டுவந்து கிடத்துவார், கொல்லர் இரும்புப் பட்டாவை வளைத்து ஒட்டி, சுற்றிவர நெருப்பு மூட்டிச் செஞ்சூடாக்கி, குறட்டால் நாலு பேர் தூக்கி மரத்தின் மேல் இறக்கி, புகை எழும்போதே தண்ணீர் ஊற்றுவார்கள், பட்டா சுருங்கி மரத்தைக் கவ்விப் பிடிக்கும். தண்ணீர் பிந்தினால் மரம் எரியும், பட்டா அளவு தப்பினால் சில்லு பிளக்கும். அப்படி ஒன்றாக நின்று வேலை செய்த இரண்டு வீடுகள் சம்பந்தமும் செய்துகொண்டதை உறுதிகளில் அடிக்கடி காணலாம்.

உங்கள் கையில் உறுதி இல்லையென்றால் காணிப் பதிவகத்தில் தேடலாம். காணியின் பெயரும் கோயிற்பற்றும் தெரிந்தால் ஏட்டுப் பக்கத்தைப் பிடித்து, அதிலிருந்து முன்பக்கம், அதற்கு முன்பக்கம் என்று பின்னோக்கிப் போகலாம். ஆள் பெயரை மட்டும் கொண்டுபோனால் கஷ்டம், கந்தனும் வேலனும் சின்னத்தம்பியும் எல்லா ஊரிலும் இருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் முதலில் சித்தப்பா, மாமா வீட்டுப் பெட்டிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எதை விட்டாலும் உறுதிக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட வீடுகள் நிறைய. கிளிநொச்சிக்கும் வன்னிக்கும் போய்த் திரும்பிய பெட்டிகளில் நூறு வருடத்துக்கு முந்திய உறுதிகள் இன்னும் இருக்கின்றன. இன்னும் பின்னால் போக ஆசைப்பட்டால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடுகளான தோம்புகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன, ஆனால் அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் 1881ஐ முடியுங்கள்.

பிறப்புப் பதிவு சுருக்கமான விஷயம். தகப்பன் பெயர், தாயின் பெயர், தகப்பனின் தொழில், அறிவித்தவர் பெயரும் வதிவிடமும் வரும். 1881இல் பிறந்த பிள்ளைக்குப் பதிவு இல்லையென்றால் அதன் தம்பி தங்கைக்கு இருக்கலாம், பேரப்பிள்ளைகளுக்கு நிச்சயம் தேடிப் பாருங்கள். அறிவித்தவர் பெரும்பாலும் அதே வளவில் இருந்த தாத்தாவோ பெரிய தகப்பனோ, அந்தப் பெயர் நேரே உங்கள் தாளுக்கு வரும். இங்கிலீசில் எழுதிய பதிவென்றால் எழுத்துக்கூட்டலில் விட்டுக்கொடுக்க வேண்டும். சின்னத்தம்பி 'எஸ்'இலும் இருப்பார், 'சி'யிலும் இருப்பார். தகப்பன் பெயரைப் பிள்ளையின் பெயராக எழுதிவிட்ட இடங்களும் உண்டு.

மதம் மாறிய வீடுகளுக்கு வேறு வழி இருக்கிறது. அமெரிக்க மிஷன் 1816இல் வந்து தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய், பண்டத்தரிப்பு என்று பரந்தது, சேர்ச் மிஷன் 1818இலிருந்து நல்லூரில், மெதடிஸ்தர் அதற்கும் முன்னமே. கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களும் வரும், அவர்கள் பெரும்பாலும் இனத்தவர்கள். ஒரு எச்சரிக்கை: அமெரிக்க மிஷன் விடுதிகளில் படித்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயரையே வைத்தார்கள். கொல்லர் மகன் ஒருவன் விடுதிக்குப் போய் முழு வெள்ளைக்காரப் பெயரோடு வெளியே வந்திருக்கலாம். குடும்பத்தில் ஒருவர் திடீரென்று காணாமல் போனால் இப்படியும் யோசியுங்கள். பழைய பத்திரிகைகளும் மிஷன் கடதாசிகளும் கல்வெட்டுகளும் நூலகம் இணையத்தளத்தில் ஏறிக்கொண்டிருக்கின்றன, அங்கே ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுவது நல்லது, ஆள் பெயரைவிட அது பலன் தரும்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. 1824 கணக்கில் சாதி வாரியாக எண்ணினார்கள், 1871க்குப் பிறகு வந்த கணக்குகளில் அது இல்லை. ஆனால் கொல்லர், தச்சர், பத்தர் (பொன் வேலை), கன்னார் (செம்பு, பித்தளை வேலை) என்றால் அது தொழிலாகவும் பிறப்பாகவும் ஒருங்கே எழுதப்பட்டது. ஊர் வரலாறு என்று அச்சில் வந்தவற்றில் உடையாரும் முதலியாரும் நொத்தாரிசும் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள், அவர்கள் வயலுக்குக் கொழுவும் மண்வெட்டியும் உழவாரமும் அடித்துக் கொடுத்தவர் ஒரு வரியில்கூட இல்லை. புகையிலைத் தோட்டத்தில் ஒரு கமக்காரர் வைத்திருந்த ஒவ்வொரு ஆயுதமும், சீவல் தொழிலாளியின் பாளைக்கத்தி முதல் வீட்டுப் பெண்ணின் சத்தகம் வரை, ஏதோ ஒரு உலையிலிருந்து வந்தது. அந்த வீட்டாருக்குப் பெயர் இருந்தது. அதைத் தேடி எழுதுவதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். ஆகவே ஒரு முதியவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், அதே நேரம் தொழிலை மறைத்து "கமம்" என்று உங்கள் தாளில் எழுதவும் வேண்டாம். இரண்டும் செய்தார் என்றால் இரண்டையும் எழுதுங்கள், இங்கிலாந்துக் கிராமத்துக் கொல்லரும் சிலர் கொஞ்ச நிலம் வைத்துப் பயிர் செய்தவர்கள்தான்.

தொழில் கட்டத்தை நிரப்பும்போது இங்கிலாந்துக் கொல்லர் மனைவியின் அந்த வெறுமைக் கட்டத்தை ஞாபகப்படுத்துங்கள். பல கொல்லர் வீடுகளில் துருத்தி ஊதியது பெண்களும் பிள்ளைகளும். உலை எரிய வேண்டுமென்றால் துருத்திக் கை நிற்கக் கூடாது. அறுவடை முடிந்து நெல்லுக் கூலி வாங்கப் போனது யார், எந்த வீடு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று மனக்கணக்கில் வைத்திருந்தது யார் என்று கேளுங்கள். பூட்டி துருத்தி ஊதினார் என்று ஒருவர் சொன்னால் அவர் பெயருக்கு நேரே அதைத் தொழிலாக எழுதுங்கள். பத்து வயதுப் பையன் சம்மட்டி பிடித்தான் என்றால் அதையும் எழுதுங்கள். மருமகன், பெறாமகன், தொழில் பழக வந்த மச்சான் பையன் யாராவது கூடத் தங்கியிருந்தார்களா என்றும் தனியாகக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள், அவர்களைக் குடும்பம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். கணக்கெடுப்பவர் எண்ணியிருப்பார்.

உறுதியிலோ பதிவிலோ பார்த்ததைப் பேனையால், வாயால் கேட்டதைப் பென்சிலால் எழுதுங்கள். வயது தெரியாவிட்டால் "தாதுவுக்கு முன்" என்று எழுதினால் போதும், ஒரு எண்ணை ஊகித்து வைக்க வேண்டாம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் வைத்திருங்கள். அந்த இரவுக்கு முன் இறந்தவர்களையும் பின் பிறந்தவர்களையும் தாளின் மறுபக்கத்தில் போடுங்கள், முன்பக்கத்தில் அன்றிரவு உயிரோடு இருந்தவர்கள் மட்டும். வீட்டுத் தாள் ஒன்று முடிந்ததும் உறுதியில் கண்ட எல்லைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் தொடங்குங்கள். இரண்டாவது வீட்டை நிரப்பும்போது முதல் வீட்டில் விடுபட்ட ஒருவர் அங்கே மருமகனாக வந்து நிற்பார்.

பழைய உறுதிகளை லமினேற் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. செலோரேப்பும் ஒட்டாதீர்கள். யன்னல் வெளிச்சத்தில் விரித்து, முத்திரையும் இலக்கமும் தெரிய இரு பக்கமும் படம் எடுத்து, வேறு இரண்டு வீடுகளுக்காவது ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். காணி இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தால், அல்லது அதில் வழக்கு ஒன்று நடந்தால், பங்குக்காரர் எல்லாரையும் கேட்காமல் உறுதியின் படத்தை இணையத்தில் போட வேண்டாம். பெயர்களை எழுதிய தாளைப் போட்டாலே உறவுக்காரர் தேடி வருவார்கள்.